சட்டைப் பையில் உப்பு

சிறுநீர்க் கேனை லேபில் கொடுத்தாயிற்று, இனி காத்திருக்க வேண்டியதுதான் என்று பிரசவ வார்டுக்கு வெளியே கிடந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார் கொம்பையா. காத்திருப்பது அவருக்குப் புதிதில்லை. லேபர் ஆபீஸ் பெஞ்சுகளில் அவர் காத்திருந்த காலத்தைக் கூட்டிப் பார்த்தால், அதற்குள் ஒரு பிள்ளை பிறந்து, படித்து, அதே ஆபீசுக்கு அதிகாரியாக வந்து அவரையே வெளியில் உட்காரச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நாட்களில் சட்டைப் பையில் மனு இருக்கும். இன்று உப்பு இருக்கிறது. பழைய உப்பளச் சங்க நோட்டீசைக் கிழித்து மடித்த பொட்டலம், அதற்குள் ஒரு பிடி கல்லுப்பு. நேற்றுவரை தினமும் பிரித்த பொட்டலம் இன்று பிரிக்கப்படாமல் நெஞ்சோடு உறுத்திக்கொண்டிருந்தது. உள்ளே கடைசிக் கட்டிலில் அவர் மகள் ஜென்னி படுத்திருக்கிறாள். எட்டாம் மாதம், ரத்தக் கொதிப்பு, முகமும் காலும் வீக்கம். உப்பு ஆகாது என்று வீட்டில் சட்டம் போட்டிருக்கிறார்கள். சட்டம் என்றாலே மீறிப் பழகிய கை, யாருக்கும் தெரியாமல் அவள் கஞ்சியில் உப்பைப் போட்டுக்கொண்டே வந்தது. இப்போது அவள் ரத்தமும், ஒரு பகல் ஒரு இரவு முழுக்கப் பிடித்துவைத்த சிறுநீரும் பரிசோதனைக்குப் போயிருக்கின்றன. மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும். நல்லபடியாக வந்தால் பிள்ளை வயிற்றிலேயே இருந்து முதிரும். மோசமாக வந்தால் இன்றைக்கே எடுத்துவிடுவார்கள், உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒரு பிள்ளையை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க. அந்த மோசத்தில் தன் உப்புக்கு எவ்வளவு பங்கு என்ற இடத்துக்கு வந்ததும் கொம்பையாவின் நினைப்பு, பாத்தி வரப்பில் தட்டிய கால் போல ஒரு தடுமாறு தடுமாறி வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். திரும்புகிற பக்கமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அதுதான் வேடிக்கை. காற்று கடல் பக்கமிருந்து வந்தது. கேண்டீன் டீ திடமாக இருந்தது. எதிரில் ஒரு அணில், நோயாளிகளுக்கு வந்த பன்னைத் தன் உரிமை என்பது போல நின்று தின்றது. இந்த நேரத்தில் மனுசனுக்கு இவ்வளவு நிம்மதி ஆகுமா என்று தன்னையே அதட்டிப் பார்த்தார். நிம்மதி கேட்கவில்லை.

கேன் விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மற்ற ஆம்பிளைகள் அதைத் துணிப்பைக்குள் போட்டு, மேலே துண்டைச் சுற்றி, திருட்டுச் சாமான் மாதிரி கொண்டுபோனார்கள். கொம்பையா கைப்பிடியைப் பிடித்து, மேதின ஊர்வலத்தில் கொடி பிடித்த அதே நிமிர்வில், வராந்தா நெடுகக் கொண்டுபோனார். வாசலில் நின்ற காவலாளி, "பெரியவரே, ஒரு பையில போட்டுக் கொண்டு போகக் கூடாதா?" என்றான். "என்னத்துக்குவே? இது என்ன கள்ளச் சாராயமா?" அவன் சிரித்துவிட்டான். கேன் கனமாகத்தான் இருந்தது. ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு இவ்வளவு போகுமா என்று லேபில் இருந்த பையன்கூட ஒரு தரம் தூக்கிப் பார்த்தான். கனம் நல்லதா கெட்டதா? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எங்கே போனாலும் கேள்வி கேட்டுத்தான் அவர் கெட்ட பேர் வாங்கியது, இங்கே வாய் வரவில்லை. முதல் நாள் ஜென்னியைச் சேர்த்தபோது நர்ஸ் பேரைக் கேட்டு, "கிறிஸ்டியனா அய்யா?" என்றாள். இல்லம்மா, மார்க்சு பெண்டாட்டி பேரு அது. "எந்த மார்க்சு? திரேஸ்புரத்துல ஐஸ் கம்பெனி வச்சிருக்காவளே, அவியளா?" என்று அந்தப் பெண் உண்மையாகவே கேட்டது. இருபது வருசத்துக்கு முந்தி என்றால் அங்கேயே ஒரு வகுப்பு எடுத்திருப்பார். அன்றைக்கு, "ஆமா, அவியளுக்குத் தூரத்துச் சொந்தம்," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அப்படி அவர் நகர்ந்தது அதுதான் முதல் தடவை. ஜென்னி அதைக் கேட்டுவிட்டு, வீங்கிய முகத்தோடு, ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடியே சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான், ஒன்றும் ஆகாது என்று முதலில் தோன்றியது. தோன்றுவதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பு வந்த நாளில்கூட, கோர்ட்டுப் படியில் ஏறும்போது அவருக்கு அப்படித்தான் தோன்றியது.

உப்பு. மறுபடியும் உப்பு. சட்டம் போட்டது அவர் மனைவி சண்முகக்கனி. பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், போனில் மதினி சொன்னாள், பிரஷருக்கு உப்புதான் எமன் என்று. டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டவர்கள் இல்லை. மூன்று பொம்பளைகள் சொன்னால் அது சண்முகக்கனிக்கு அரசாங்க உத்தரவு. மறுநாளே கஞ்சியில் உப்பு இல்லை, குழம்பில் உப்பு இல்லை, இட்லி மாவுகூடத் தனியாக ஆட்டினாள். "ஒரு கல்லுகூடப் போடல, பாத்துக்கிடுங்க," என்று டிபன் கேரியரைத் திறக்கும்போதெல்லாம் அறிவிப்பு வேறு. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டுதான் திறப்பாள், கண் படக்கூடாதாம். அந்த முதல் மத்தியானம் ஜென்னி ஒரு வாய் குடித்தாள், கரண்டியை வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். முள்ளக்காட்டு உப்பளத்தில் அப்பனும் அம்மையும் வாரிக் குவித்த உப்பை நாடே தின்கிறது, அவர்கள் பெற்ற பிள்ளை பச்சைத் தண்ணீர் மாதிரிக் கஞ்சி குடிக்கிறது. இது மருத்துவப் பிரச்சினையாகக் கொம்பையாவுக்குத் தெரியவே இல்லை, கூலி வெட்டு மாதிரித் தெரிந்தது. வெயிலில் வேர்த்து உப்பெல்லாம் போய்ச் சுருண்டு விழுந்த ஆட்களுக்கு, மோரில் உப்புப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஒரு கோரிக்கையே வைத்தவர் அவர். அன்று சாயந்தரம் சண்முகக்கனி கை கழுவப் போன நேரத்தில் பொட்டலத்தைப் பிரித்து, நாலு கல்லை எடுத்துக் கஞ்சியில் போட்டு, கரண்டிக் காம்பால் கலக்கி வைத்தார். ஜென்னி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். எழுந்து குடித்தாள். முழுசும் குடித்தாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள், செம்புத் தண்ணீரை எடுத்துக் கடகடவென்று குடித்தாள். அந்தக் காலத்தில் பூட்டிய கேட்டுக்கு அடியில் நோட்டீசைத் தள்ளிவிட்டுத் திரும்பி நடக்கும்போது முதுகெலும்பில் ஒரு குளிர்ச்சி ஓடும், அது அன்று ஓடியது. அதற்குப் பிறகு எப்படி நிறுத்த? நேற்று டாக்டரம்மா, "நாளைக்கு ரிசல்ட்ட வச்சுத்தான் முடிவு," என்று சொன்னபோதுதான் கை நின்றது. இன்று கேரியர் உள்ளே போனபோது அவர் அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயந்துவிட்டார் என்று பச்சையாகச் சொல்வதில் அவருக்குக் கூச்சம் இருந்தது. ஆனால் அதுதான்.

பயம் எங்கிருந்து வருகிறது என்றும் தெரியும். மாடத்தியிடமிருந்து. கல்யாணத்துக்கு முந்திய ஒரு பங்குனி வெயில், அளம் முழுக்க வெள்ளை, கண்ணைத் திறந்தால் ஊசி குத்துகிற வெளிச்சம். தலையில் உப்புப் பெட்டி சுமந்து வரப்பில் ஏறிக்கொண்டிருந்த மாடத்திக்கு ஏழு மாதம். காலையிலேயே தலை பிளக்கிறது என்றாள், வெயில் என்றார்கள். கால் வீங்கியிருந்தது, உப்புத் தண்ணியில் நிற்கிற காலெல்லாம் வீங்கத்தான் செய்யும் என்றார்கள். "கண்ணுக்கு முன்னால மின்னுதுக்கா," என்றாள், அளத்தில் யாருக்கடி மின்னவில்லை என்று சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். கொம்பையாவும் அந்தச் சிரிப்பில் இருந்தார். பிறகு பெட்டி சரிந்தது, உப்பின் மேல் விழுந்தாள், கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன, யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள், யாரோ கோயிலுக்கு நேர்ந்துகொண்டார்கள், உப்பு லாரியில் தூக்கிப் போட்டுக் கொண்டுபோவதற்குள் இரண்டு உயிரும் போயிற்று. அவள் விழுந்த வரப்புக்கு ஒரு பக்கம் வாராத உப்பு, மறு பக்கம் உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணி. அன்று இரவே கொம்பையா நோட்டீஸ் எழுதினார். 'மாடத்தியைக் கொன்றது சுமை! முதலாளியே, பதில் சொல்!' அவர் எழுதியதிலேயே நல்ல நோட்டீஸ் அதுதான் என்று இன்றைக்கும் நினைப்பார். அளம் நின்றது. முழுசாக நின்றதா? எந்த ஸ்ட்ரைக்குத்தான் முழுசாக நின்றது? கடைசி நாள் விடியலில் ஏழெட்டுப் பேர் பின்வரப்பு வழியாக வேலைக்குப் போய்விட்டார்கள். அதில் ஒருத்தி சண்முகக்கனி. அப்போது கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் உலை வைக்க ஒன்றும் இல்லை, தம்பிமார் இருந்தார்கள், காரணமெல்லாம் அவருக்குத் தெரியும், தெரிந்துதான் கட்டினார். இருந்தாலும் சண்டை முற்றும்போது ஸ்ட்ரைக்கை உடைத்தவர்களைச் சொல்லுகிற அந்த ஒரு சொல் அவர் வாயில் வரும், கருங்காலி. அவளும் விடமாட்டாள்: "கருங்காலி பொங்குன சோத்தத்தான இத்தன வருசம் தின்னிய?" பின்வரப்பில் ஆள் போனபோதும் ஸ்ட்ரைக் ஜெயித்தது. பிள்ளைத்தாய்ச்சிகளுக்குச் சுமை கிடையாது, நிழலுக்கு ஒரு கொட்டகை. போன வாரம் ஜென்னி தன் ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்து, நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "யப்பா, கண்ணுக்குள்ள என்னவோ மின்னுது," என்றபோது வீட்டில் யாருக்கும் அது ஒரு பேச்சாகவே படவில்லை. கொம்பையா எழுந்து நின்றுவிட்டார். ஜெராக்ஸ் கடையில் ஏது வெள்ளை? ஜெராக்ஸ் கடையில் ஏது வெயில்? ஆட்டோவைப் பிடித்து, வழி நெடுக அந்த டிரைவரைத் திட்டித் திட்டிக் கொண்டுவந்து சேர்த்தார். "நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்க," என்றார் டாக்டரம்மா. அதற்குப் பிறகு மின்னவில்லை. மாத்திரையில் கொதிப்பும் இறங்கியது. அந்த ஒரு வார்த்தையை, நல்ல நேரத்துல என்பதை, அவர் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்கிறார். பார்த்துவிட்டு, அப்படிக் கொண்டுவந்து சேர்த்தவன்தானே உப்பையும் போட்டான் என்று உள்ளே வைத்துவிடுகிறார்.

டாக்டரம்மா பேர் மெஹர்பானு, காயல்பட்டணம், மகள் வயதுதான் இருக்கும், பேச்சில் மட்டும் பதவிசு. நேற்று நின்று நிதானமாகச் சொன்னார். இந்த நோய் தொப்புள்கொடி போய்ச் சேருகிற நஞ்சுக்கொடியில் ஆரம்பிக்கிறது, அங்கே ரத்தக் குழாய் சரியாக விரியவில்லை, அங்கிருந்து என்னவோ ரத்தத்தில் கலந்துவிடுகிறது, உடம்பு முழுக்கக் குழாய்கள் இறுகுகின்றன, கொதிப்பு ஏறுகிறது, சிறுநீரில் புரதம் போகிறது. இப்படிப்பட்ட பெண்களின் ரத்தத்தைப் பார்த்தால் யூரிக் ஆசிட் கூடியிருக்கும், கால்சியம் குறைந்திருக்கும், சில பேருக்கு மக்னீசியமும் குறைச்சல். "அப்ப அதுதான் காரணமா டாக்டரம்மா?" "காரணமா, விளைவா, அதான் அய்யா இன்னும் சரியாத் தெரியல. ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க." தெரியவில்லை! கொம்பையா படித்த புத்தகங்களெல்லாம் சிவப்பு அட்டை போட்டவை, விலை மலிவானவை, எடுத்த எடுப்பில் காரணத்தைச் சொல்லிவிடுபவை. தெரியவில்லை என்று ஒரு பிரசுரம் போட்டிருந்தால் யார் கொடி பிடிப்பார்கள்? ஆனால் அந்தப் பெண் தெரியவில்லை என்று சொன்ன விதத்தில் தோல்வி இல்லை, அதையும் அவர் கவனித்தார். பிறகு டாக்டரம்மா இன்னொன்றையும் சொன்னார், வலிப்பு வருமோ என்று சந்தேகம் வந்தால் மக்னீசியம் ஊசி போடுவோம், வலிப்பு வராமல் நிறுத்த அதுதான் மருந்து என்று. மக்னீசியம். அளத்துக்காரனுக்கு அந்தப் பேர் தெரியாதா? பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறி வரும்போது முதலில் படிவது சுண்ணாம்பும் ஜிப்சமும், அதாவது கால்சியம். அதைச் சுரண்டி ஓரத்தில் கொட்டுவார்கள். அப்புறம் உப்பு விளையும். உப்பை வாரிய பிறகு மிஞ்சுகிற கசப்புத் தண்ணி, காலில் பட்டால் வெடிப்பெல்லாம் எரிகிற தண்ணி, அதுதான் மக்னீசியம், கம்பெனிக்காரன் டேங்கர் கொண்டுவந்து வாங்கிப்போவான் என்று கணக்கப்பிள்ளை சொல்லியிருக்கிறார். மாடத்தி இழுத்துக்கொண்டு கிடந்த வரப்புக்கு மறு பக்கம் அதுதானே தேங்கிக் கிடந்தது? அதை அள்ளிக் குடித்தால் பேதிதான் போகும், ஊசியாக வந்தால்தான் மருந்து, அவ்வளவு புத்தி அவருக்கு உண்டு. இருந்தாலும் நேற்று இரவு முழுக்க அந்தத் தண்ணி கண்ணுக்குள் நின்றது, பச்சையாக, எண்ணெய் மாதிரிப் பளபளத்துக்கொண்டு. மருந்து காலடியில் கிடக்க ஒரு பெண் செத்தாள், நாங்கள் சாவியைத் தேடினோம். அப்படியானால் நோட்டீஸ்? சுமை கொல்லவில்லை என்றால் நோட்டீஸ் பொய்யா? ஜெயித்த ஸ்ட்ரைக் பொய்யா? கொட்டகை பொய் இல்லை. நிழல் பொய் இல்லை. அதற்குப் பின்னால் எத்தனை பேர் அந்த நிழலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பாதி சரி என்று வைத்துக்கொள்ளலாமா? பாதி சரி என்பது அவருடைய அகராதியில் சமரசக்காரன் பேச்சு.

"மாமா, டீ குடிச்சியளா?" என்று குரல் கேட்டு நிமிர்ந்தார். மருமகன் இசக்கித்துரை. துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவன், பாதி லோடை விட்டுவிட்டு வந்திருக்கிறான் போல, சட்டையெல்லாம் கரித்தூள். நல்ல பையன்தான். சங்கத்தில் சேரச் சொன்னால் மட்டும், "ஆகட்டும் மாமா," என்பான், நாலு வருசமாக ஆகிக்கொண்டிருக்கிறது. பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான், கையை எடுத்தான், மறுபடி தொட்டான். பையில் தீப்பெட்டி. நாலைந்து நாளாகவே கொம்பையா அந்தத் தீப்பெட்டியைக் கவனித்துவருகிறார். பீடி சிகரெட் தொடாதவன் என்று சொல்லித்தான் பெண் எடுத்தார்கள். பயத்தில் ஆரம்பித்திருப்பான், போகட்டும், பிள்ளை பிறந்ததும் கேட்டுக்கொள்ளலாம். "என்னவே, வியர்த்து வழியுத?" "ஒண்ணுமில்ல மாமா. மாமா, நெசமாவே உப்புதான் இதுக்குக் காரணமா?" கொம்பையாவுக்குப் பொட்டலம் பையில் சுட்டது. இவனுக்குத் தெரிந்துவிட்டதோ? "காரணம் யாருக்கும் தெரியாது," என்றார், ஏதோ தாமே கண்டுபிடித்த மாதிரி. "டாக்டர்மாருக்கே தெரியாது." "அப்படியா," என்றான் இசக்கித்துரை. அந்த 'அப்படியா'வில் ஒரு ஆறுதல் இருந்த மாதிரி இருந்தது. இவனுக்கு என்ன ஆறுதல்? அணில் போய்விட்டது. கேண்டீனில் வடை போடுகிற எண்ணெய் வாசனை வந்தது. பக்கத்தில் மருமகனின் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது, பெஞ்சு நெடுக அந்த ஆட்டம் வந்து அவர் தொடையில் முட்டியது. நிறுத்துவே என்று சொல்ல வாயெடுத்தவர், தம்முடைய காலும் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். இந்தப் பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிட்டால் என்ன? எங்கே எறிய? செடிக்குப் போட்டால் செடி பட்டுப்போகும், குப்பையில் போட மனசு வராது, உப்பைக் கீழே கொட்டியவன் என்ற பேர் அளத்துக்காரனுக்கு ஆகுமா? இருக்கட்டும். உப்பைப் போடாதே என்றால் போடாமல் இருக்கலாம், உப்பே இல்லாதவனாக ஆக முடியுமா? ஜென்னி பிறந்தபோது அவர் லாக்கப்பில் இருந்தார். பிள்ளையை முதலில் பார்த்தது கம்பிக்கு வெளியில், சண்முகக்கனி தூக்கிக் காட்ட. இந்தப் பிள்ளைக்காவது வெளியே இருக்கிறோம். வெறும் பெஞ்சுதான், கம்பி இல்லை. அந்த நினைப்பு வந்ததும் அந்த வெட்கங்கெட்ட நிம்மதி மறுபடியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

"ஜென்னி வீட்டு ஆளுங்க, உள்ள வாங்க." மார்க்சு ஐஸ் கம்பெனி நர்ஸ். எழும்போது இசக்கித்துரை அவர் முழங்கையைப் பிடித்தான், வேண்டாம் என்று உதறாமல் விட்டார். உள்ளே ஜென்னி தலையணையில் சாய்ந்திருந்தாள். சண்முகக்கனி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முந்தானை முனையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். கொம்பையா வாழ்நாளில் எத்தனையோ பேர் காகிதம் பார்க்கிறதைப் பார்த்திருக்கிறார், முகத்திலிருந்தே தீர்ப்பைப் படித்துவிடுவார், இந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. "புரதம் கொஞ்சம் போகுது, பயப்படுற அளவு இல்ல. யூரிக் ஆசிட் எல்லையிலதான் நிக்குது. ஈரல், ரத்தத் தட்டணு எல்லாம் நல்லா இருக்கு. பிள்ளை அங்கயே இருக்கட்டும். அதுக்கு அதுதான் நல்ல இடம். இங்கயே வச்சுப் பாத்துக்கிறோம்." இசக்கித்துரை மூக்கை உறிஞ்சினான். "கால்சியம்தான் குறைச்சல். அது மாத்திரையில சரி பண்ணலாம். இரும்பு மாத்திரையோட சேத்துப் போடக்கூடாது, இது மத்தியானம், அது ராத்திரி. சின்ன வயசுல இருந்தே பால், கேழ்வரகு, கீரைன்னு சேராதவங்களுக்கு இந்த நோய் கொஞ்சம் அதிகமா வருதுன்னு பாத்திருக்காங்க." பால்! கொம்பையாவுக்குள் ஏதோ சடாரென்று எழுந்து நின்றது. அளத்துக்காரி வீட்டில் ஏது பால்? மாடத்தி எந்தக் காலத்தில் பால் குடித்தாள்? காலடியில் கால்சியத்தைச் சுரண்டிக் கொட்டினாள், வாயில் ஒரு மடக்குப் பால் கிடையாது. கூலிதானே? கடைசியில் கூலிதானே? நோட்டீசில் ஒரு வரிதான் மாற்ற வேண்டும், சுமை என்ற இடத்தில் கூலி என்று. முழுக் காரணம் இல்லை, தெரியும். அந்தப் பெண் சொன்ன தெரியவில்லை அங்கேயேதான் நிற்கிறது. ஆனால் முதலாளி அப்படி ஒன்றும் சுத்தமாகத் தப்பித்துவிடவில்லை. "உப்பு, டாக்டரம்மா?" என்று சண்முகக்கனி கேட்டாள், குரல் எழும்பாமல். "வீட்டுச் சமையல் உப்பு அளவாப் போடலாம்மா. கருவாடு, ஊறுகாய், அப்பளம், அது மட்டும் வேண்டாம். ஏன், உப்பில்லாமலா குடுத்தீங்க?" "ஒரு கல்லுகூடப் போடலம்மா," என்றாள் சண்முகக்கனி. ஆனால் அறிவிப்பில் வழக்கமான கம்பீரம் இல்லை. ஜென்னி அம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பசிக்குது என்றாள் ஜென்னி. பயம் தெளிந்தால் பசிக்கும். சண்முகக்கனி கேரியரைத் திறந்தாள், இன்று சுவரைப் பார்த்துத் திரும்பவில்லை என்பதைக் கொம்பையா பார்த்தார், பார்த்தும் அது என்ன என்று பிடிபடவில்லை. ஜென்னி ஒரு வாய் குடித்தாள். கரண்டியைப் பிடித்தபடி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன, இன்னைக்கு மூணு பேரும் ஸ்ட்ரைக்கா?" யாருக்கும் புரியவில்லை. அல்லது எல்லாருக்கும் புரிந்தது. "ஒரு கல்லுகூட இல்லையே. யம்மா முந்தியில உப்ப முடிஞ்சு கொண்டாந்து செவுத்தப் பாத்துப் போடுவா. அவ கை கழுவப் போனா நீ போடுவ. நீ வெளிய போனா இவிய தீப்பெட்டியத் தொறப்பாவ. கடல் தண்ணியா இருக்கும் கஞ்சி. குடிச்சா அவ்வளவு சந்தோசமாப் பாக்கிய எல்லாரும், எப்படிச் சொல்ல? செம்பு செம்பாத் தண்ணியக் குடிச்சுக் கெடந்தேன். பின்ன அந்தக் கேன் எப்படி நெறஞ்சுதுன்னு நெனச்ச?" இசக்கித்துரை தரையைப் பார்த்தான். சண்முகக்கனியின் முந்தானை முனையில் முடிச்சு இருந்தது, சின்னதாக, அவிழ்க்கப்படாமல். கொம்பையா அந்த முடிச்சைப் பார்த்தார், தீப்பெட்டியைப் பார்த்தார், நெஞ்சில் உறுத்திய தம்முடைய பொட்டலத்தைத் தொட்டார். கூட்டம் போடவில்லை. நோட்டீஸ் அடிக்கவில்லை. யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே பயம், ஒரே காலை, மூன்று கையும் தானாக நின்றிருக்கின்றன. பின்வரப்பு வழியாக ஒரு ஆள் உள்ளே போகவில்லை. வாழ்நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்திக் கேட்ட அந்த முழு வேலைநிறுத்தம், ஆஸ்பத்திரிக் கட்டிலோரத்தில், அவர் தலைமை தாங்காமலே நடந்து முடிந்திருக்கிறது. "ஏளா," என்றார் மனைவியிடம், குரல் என்னவோ போலிருந்தது, "நீயுமா உள்ள போகல?" "பயமா இருந்துச்சுல்லா," என்றாள் சண்முகக்கனி. "சரி சரி," என்றாள் ஜென்னி, கரண்டியால் கிண்ணத்தைத் தட்டி, "யாராவது ஒரு ஆள் வேலைக்குத் திரும்புங்க. ஒரே ஒரு ஆள். பசிக்குது." மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் கொம்பையாதான் பையில் கையை விட்டார். நோட்டீஸ் காகிதம் ஈரத்தில் ஒட்டியிருந்தது, மெதுவாகப் பிரித்து, ஒரு கல்லை எடுத்து, எல்லாரும் பார்க்கவே கஞ்சியில் போட்டார்.

"கருங்காலி," என்றாள் சண்முகக்கனி. சொல்லிவிட்டு, இவ்வளவு காலத்துக்குப் பிறகு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.